வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் கன்சோலுக்கு வராமல் போனதற்குக் கன்ட்ரோலரா காரணம்?

வியூகன் எழுதியது:

ஆர்டிஎஸ் விளையாட்டுகள், அதாவது முறை வைத்து ஆடாமல் நேரம் ஓட ஓடப் படை நடத்தும் வியூக விளையாட்டுகள், கன்சோலுக்குச் சரிப்படுமா என்று இன்னொரு இழையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒருவர், "வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கன்ட்ரோலரில் ஆட முடியாது என்று தெரிந்ததும் கைவிட்டுவிட்டார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். இந்தக் கதை பல இடங்களில் இப்படித்தான் உலவுகிறது. நடந்தது வேறு என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்வீடனில் மால்மோ நகரத்து மாஸிவ் என்டர்டெயின்மென்ட் செய்தது. அதற்கு முன்னால் கிரவுண்ட் கன்ட்ரோல் (2000), அதன் இரண்டாம் பாகம் (2004) செய்தவர்கள். வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் 2007 செப்டம்பரில் கணினிக்கு வந்தது. 1989-இல் சோவியத் யூனியன் சரியாமல், மேற்கு நாடுகள்மேல் படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கதை. சரக்குக் கப்பல்களில் மறைந்து வந்த சோவியத் படை சியாட்டில் துறைமுகத்தில் இறங்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கதைக்கு ராணுவ நாவலாசிரியர் லாரி பாண்ட் துணை நின்றார். கதை சொல்லும் குரல் அலெக் பால்ட்வினுடையது.

வெளியிட்டது விவெண்டி கேம்ஸின் கீழ் இருந்த சியரா. எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பும் வரும் என்று 2007-லேயே சொல்லிவிட்டார்கள். 2008-இல் திட்டம் பெரிதானது. சோவியத் அசால்ட் என்ற பெயரில் 360, பிஎஸ்3 இரண்டுக்கும் வரும், மூல விளையாட்டோடு சோவியத் தரப்பிலிருந்து ஆடும் புதிய மிஷன்களும் அதில் இருக்கும் என்றார்கள். கன்சோல் வேலை இங்கிலாந்தின் சுவார்ட்ஃபிஷ் ஸ்டுடியோஸிடம் போனது. அதுவும் விவெண்டியின் கையில் இருந்த நிறுவனம்தான்.

இனி தேதிகளைக் கவனியுங்கள். 2007 டிசம்பரில் ஆக்டிவிஷனும் விவெண்டி கேம்ஸும் இணையப் போவதாக அறிவிப்பு. 2008 ஜூலையில் இணைப்பு முடிந்தது. அதே மாதம், சியராவிடம் இருந்தவற்றில் எவற்றை வைத்துக்கொள்கிறோம் என்று ஆக்டிவிஷன் ஒரு பட்டியல் விட்டது. கிராஷ் பாண்டிகூட், ஸ்பைரோ, ஐஸ் ஏஜ், புரோட்டோடைப் எல்லாம் அதில் இருந்தன. வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்ட் இல்லை. 2008 நவம்பரில் மாஸிவை யூபிசாஃப்ட் வாங்கியது. அதே நவம்பரில் சுவார்ட்ஃபிஷின் பர்மிங்காம் ஸ்டுடியோவைக் கோட்மாஸ்டர்ஸ் வாங்கியது. அதாவது விளையாட்டு ஒரு நிறுவனத்துக்கும், அதைக் கன்சோலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த ஆட்கள் அதன் போட்டி நிறுவனத்துக்கும் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். 2009 மார்ச்சில் சோவியத் அசால்ட் வந்தபோது கணினிக்கு மட்டும்தான் வந்தது.

இதில் கன்ட்ரோலர் எங்கே வருகிறது? இரண்டு பெரிய நிறுவனங்கள் கணக்கு முடித்துக்கொண்டதில் நடுவில் மாட்டிய விளையாட்டு இது. கன்சோலுக்கு இயல்பாகவே பொருந்தக்கூடிய கணினி ஆர்டிஎஸ் என்று அந்தக் காலத்தில் ஒன்று இருந்தது என்றால், அது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.


பதினாறுபிட் எழுதியது:

தேதிகள் எல்லாம் சரி நண்பரே. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆக்டிவிஷன் விட்டது. சரி. யூபிசாஃப்ட் வாங்கியதே, அவர்கள் ஏன் தொடரவில்லை? பாதி செய்த வேலை கையில் இருக்கிறது, அதை முடித்து விற்றால் லாபம் என்று தோன்றியிருந்தால் வேறு ஒரு குழுவிடம் கொடுத்திருப்பார்கள். தோன்றவில்லை. அதற்குக் காரணம் அதுவரை கன்சோலுக்குப் போன ஆர்டிஎஸ் விளையாட்டுகளின் வரலாறு.

நான் இவற்றில் நிறைய ஆடியவன். நின்டெண்டோ 64-இல் ஸ்டார்கிராஃப்ட் 2000-இல் வந்தது. இரண்டு பேர் ஒரே டிவியில், திரையைப் பாதியாகப் பிரித்து ஆடலாம். அதன் கூடுதல் பாகமான புரூட் வார் மிஷன்கள் வேண்டும் என்றால் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் நினைவகத்தைத் தனியாகச் செருக வேண்டும். உழைத்துச் செய்திருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அனலாக் குச்சியை வைத்துக்கொண்டு கர்சரை ஒரு எஸ்சிவி (வளம் சேர்க்கும் வேலை வண்டி) மேல் நிறுத்துவதற்குள் எதிராளி வாசலில் நிற்பான். பிஎஸ்1-இல் ரெட் அலர்ட் வந்தபோது மவுஸ் ஆதரவும் சேர்த்தே கொடுத்தார்கள். கன்ட்ரோலர் போதாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதானே அதற்கு அர்த்தம்?

360 காலத்துக்கு வருவோம். பேட்டில் ஃபார் மிடில் எர்த் 2 (2006), கமாண்ட் அண்ட் காங்கர் 3 (2007) இரண்டும் ஓரளவு நன்றாகவே இருந்தன. சுப்ரீம் கமாண்டர் 2008-இல் வந்தது, படை பெருகியதும் படம் படமாக நகர்ந்தது. ரெட் அலர்ட் 3-இன் பிஎஸ்3 பதிப்பைப் பாதியில் நிறுத்திவைத்தார்கள், பிறகு 2009 மார்ச்சில்தான் அல்டிமேட் எடிஷன் என்று கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிர்வாகி, கைமாறி வந்த இன்னொரு ஆர்டிஎஸ் கன்சோல் பதிப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரா?


வியூகன் எழுதியது:

நீங்கள் சொன்ன பட்டியலிலேயே என் பதில் இருக்கிறது. ஸ்டார்கிராஃப்ட், ரெட் அலர்ட், கமாண்ட் அண்ட் காங்கர், சுப்ரீம் கமாண்டர் எல்லாமே தளம் கட்டுவது, வளம் சேர்ப்பது, தொழிற்சாலையில் வரிசை போட்டுப் படை செய்வது என்று போகிற விளையாட்டுகள். போர்முனையில் ஒரு கண், வீட்டில் ஒரு கண். திரையின் இரண்டு மூலைகளுக்கு நடுவே வினாடிக்கு வினாடி தாவ வேண்டும். கன்ட்ரோலர் தோற்பது அந்தத் தாவலில்தான்.

வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டில் தளமே கிடையாது. தோண்ட வேண்டிய வளம் கிடையாது. உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு புள்ளிகள் தருவார்கள். அதில் டாங்கியோ ஹெலிகாப்டரோ வாங்கினால் விமானம் கொண்டுவந்து பாராசூட்டில் இறக்கும். வண்டி அழிந்தால் அதன் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கணக்குக்கே திரும்பி வரும், மறுபடி வாங்கலாம். அதனால் ஒரு நேரத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு சிறு படைதான், பல சமயம் பத்துக்கும் குறைவான வண்டிகள். பல பேர் சேர்ந்து ஆடும்போது காலாட்படை, கவசப் பிரிவு, வான்படை, துணைப்பிரிவு என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதை உங்கள் அணியில் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் மோதும் ஆட்டம். தனி ஒருவன் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டிய தேவையே வராது.

அடுத்தது, ஒவ்வொரு வகைப் படைக்கும் பெரும்பாலும் இரண்டே சிறப்புத் திறன்கள். தாக்க ஒன்று, தற்காக்க ஒன்று. டாங்கி என்றால் தற்காப்புக்குப் புகை கக்கும். கன்ட்ரோலரில் இதற்கு இரண்டு பட்டன் போதும். கேமராவைப் பாருங்கள். கணினியிலேயே அது வழக்கமான ஆர்டிஎஸ் கேமரா கிடையாது. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் நகர்த்தி மவுஸால் திருப்புவது, துப்பாக்கி விளையாட்டு மாதிரி. இரண்டு அனலாக் குச்சிகளுக்கு அது அப்படியே பொருந்தும். குண்டுமழையைக் கூப்பிடும்போது எந்தத் திசையில் விமானம் பறக்க வேண்டும் என்று மவுஸை இழுத்துக் காட்ட வேண்டும். குச்சியைத் திருப்பித் திசை காட்டுவது அதைவிடக்கூட எளிது.

அதனால்தான் மற்ற ஆர்டிஎஸ்களின் தோல்வியை இதன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை என்கிறேன்.


மருதமலை எழுதியது:

அண்ணா, நான் ஹேலோ வார்ஸ் ஆடியிருக்கிறேன், அதில் கன்ட்ரோலர் நன்றாகவே வேலை செய்தது. அதுவும் இதே காலம்தானே? அதிலும் தளம் உண்டே, எப்படிச் சமாளித்தார்கள்?


பதினாறுபிட் எழுதியது:

தம்பி, ஹேலோ வார்ஸ் 2009 பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் வந்தது. ஆனால் அது கணினியிலிருந்து மாற்றியது கிடையாது, முதல் நாளிலிருந்தே 360-க்கு என்று யோசித்துச் செய்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்த அதே என்சாம்பிள் ஸ்டுடியோஸ். கன்ட்ரோலரில் ஆர்டிஎஸ் எப்படி ஆடுவது என்பதை மட்டும் கண்டுபிடிக்க அவர்கள் முதலில் ஏஜ் ஆஃப் மித்தாலஜியை வைத்துச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள்.

தளம் உண்டு, ஆனால் கட்டும் இடங்கள் முன்கூட்டியே குறித்தவை. வட்ட மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கன்ட்ரோலரில் எல்பி பட்டனை அழுத்தினால் மொத்தப் படையும், ஆர்பி அழுத்தினால் திரையில் தெரியும் படை மட்டும் தேர்வாகும். எக்ஸ் பட்டன் நகர்த்த, தாக்க. ஒய் சிறப்புத் திறன். எதைக் கழற்றினால் விளையாட்டு கன்ட்ரோலருக்குள் அடங்கும் என்று யோசித்து யோசித்துக் கழற்றியிருக்கிறார்கள். அப்படியும் அந்த ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, 2009 ஜனவரியில்.

வியூகன் சொன்ன இரண்டு பட்டன் கணக்கு நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன். தளம் இல்லாதது பெரிய வசதிதான். ஆனால் ஹெலிகாப்டர் ஆடியவர்களைக் கேளுங்கள். ஏவுகணை வரும்போது சரியான நொடியில் தற்காப்பு வெடியை விட வேண்டும், அதுவும் எந்த ஹெலிகாப்டரை நோக்கி வருகிறதோ அதை மட்டும் தேர்ந்தெடுத்து விட வேண்டும். எல்பி அழுத்தி மொத்தமாகத் தேர்வு செய்தால் எல்லாமே ஒரேயடியாக விட்டுவிடும், அடுத்த ஏவுகணைக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.


நிரலி எழுதியது:

கிராஃபிக்ஸ் நிரல் எழுதுவது என் தொழில். அந்தத் தலைமுறைக் கன்சோல்களிலும் வேலை செய்திருக்கிறேன். கன்ட்ரோலரைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள், உண்மையான சிக்கல் நினைவகத்தில் இருக்கிறது.

360-இல் மொத்தம் 512 எம்பி. செயலியும் கிராஃபிக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும். பிஎஸ்3-இலும் கூட்டிப் பார்த்தால் 512 எம்பிதான், ஆனால் செயலிக்கு 256, கிராஃபிக்ஸுக்கு 256 என்று நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் இடம் மிஞ்சினாலும் மறுபக்கத்துக்கு எளிதாகக் கொடுக்க முடியாது. 360-இல் ஓடுகிற ஒன்றை பிஎஸ்3-க்குக் கொண்டுபோகும்போது பல குழுக்கள் திணறியதற்கு இது ஒரு பெரிய காரணம். பிஎஸ்3-இன் செல் செயலியும் சேர்ந்துகொண்டது. அதன் உண்மையான பலம் அதன் துணை உட்கருக்களில் இருந்தது. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி அவற்றிடம் கொடுக்கத் தெரிந்தால்தான் அந்த பலம் வெளியே வரும். கணினிக்கு எழுதிய ஆர்டிஎஸ் நிரலை அப்படி நறுக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

இப்போது வியூகன் புகழ்ந்த அந்தக் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரருக்கு அது வரம், நிரலாளருக்குத் தலைவலி. துப்பாக்கி விளையாட்டில் நீங்கள் ஒரு நடைபாதையில் நிற்கிறீர்கள், சுவருக்கு அப்பால் இருப்பதை நான் வரையத் தேவையில்லை. பழைய ஆர்டிஎஸ்ஸில் கேமரா மேலே இருந்து கீழே பார்க்கும், தொலைவு என்ற ஒன்றே கிடையாது. வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டில் ஒரு சிப்பாயின் தோளுக்கு அருகே வரை இறங்கலாம், அங்கிருந்து நிமிர்ந்து அடிவானம் வரை பார்க்கலாம், அடுத்த நொடி மொத்த ஊரும் தெரிகிற உயரத்துக்குப் போகலாம். கிட்டத்திலும் நுணுக்கமாக இருக்க வேண்டும், தூரத்திலும் எல்லாம் இருக்க வேண்டும். எதையும் ஒளித்து வைக்க இடமில்லை.

போதாததற்குக் கட்டடங்கள் எல்லாம் இடியும், தரையில் குண்டு விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும், காடு எரியும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஆட்டம் முடியும் வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். புகையின் விலை தனி. ஒளி ஊடுருவும் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரைவது பிஎஸ்3-க்கு எப்போதுமே கடினம், இந்த விளையாட்டிலோ பாதி நேரம் திரை முழுக்கப் புகைதான்.

முடியாது என்று சொல்லவில்லை. படப் பரப்புகளின் அளவைக் குறைப்பார்கள், மரங்களைக் குறைப்பார்கள், கேமரா ஏறும் உயரத்துக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். வினாடிக்கு 30 பிரேமில் ஓட்டியிருக்கலாம். ஆனால் அதற்குத் தேவை, மாஸிவின் எஞ்சினை உள்ளும் புறமும் அறிந்த ஒரு குழு தொடர்ந்து அதில் உட்கார்ந்திருப்பது. சுவார்ட்ஃபிஷ் கைமாறிப் போனதும் அந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது. வேறு ஒரு குழுவிடம் கொடுத்திருக்கலாமே என்று பதினாறுபிட் கேட்டார். அப்படிக் கொடுத்தால் புதியவர்கள் முதல் பல மாதங்கள் அடுத்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நிரலி அவர்களின் பதிவு அருமை. நான் பணத்தின் பக்கம் பேசுகிறேன்.

ஆக்டிவிஷன் ஏன் விட்டது என்பதற்கு ஊகமே தேவையில்லை. அதன் தலைவர் பாபி கோடிக் 2008 நவம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது வெளிப்படையாகவே சொன்னார். ஒவ்வோர் ஆண்டும், கணினி, கன்சோல் என எல்லாத் தளங்களிலும், அடுத்தடுத்த பாகங்களாக வெளியிட்டு, காலப்போக்கில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதிக்கும் வரிசையாக வளர வாய்ப்பு இல்லாதவற்றைத்தான் விட்டோம் என்பது அவர் பேச்சின் சாரம். மாஸிவ் மாதிரி இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு விளையாட்டை நிதானமாகச் செதுக்கும் குழுவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அப்போது தெருவில் விடப்பட்டவை எங்கெங்கே போயின என்று பாருங்கள். கோஸ்ட்பஸ்டர்ஸை அட்டாரி எடுத்து 2009-இல் வெளியிட்டது, நன்றாக விற்றது. ரிடிக் விளையாட்டும் அட்டாரிக்குப் போனது. வெட் பெதஸ்டாவுக்கு. சுவார்ட்ஃபிஷே செய்துகொண்டிருந்த 50 சென்ட் விளையாட்டை டிஹெச்க்யூ எடுத்து 2009 பிப்ரவரியில் வெளியிட்டது. புரூட்டல் லெஜெண்ட் இஏவுக்குப் போனது, அதைத் தடுக்க ஆக்டிவிஷன் வழக்குக்கூடப் போட்டது. ஆக, கைவிடப்பட்டது என்பதால் ஒரு விளையாட்டு மட்டம் என்று அர்த்தம் ஆகாது. இவற்றில் பலவற்றுக்கு வாழ்வு கிடைத்தது. வேர்ல்ட் இன் கான்ஃப்ளிக்டின் கன்சோல் பதிப்புக்கு மட்டும் கிடைக்கவில்லை. காரணம் வியூகன் சொன்ன அதே பிரிவினை. மற்ற விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்த குழுக்களே பெரும்பாலும் அவற்றைத் தொடர்ந்து முடித்தன. இங்கே விளையாட்டும் குழுவும் இரண்டு வீட்டுக்குப் போய்விட்டன.

யூபிசாஃப்ட் பக்கமும் பார்க்க வேண்டும். மாஸிவை வாங்கிய அதே 2008 நவம்பரில் அவர்களின் சொந்த எண்ட்வார் கடைக்கு வந்துவிட்டது. யூபிசாஃப்ட் ஷாங்காய் செய்தது. அதுவும் மூன்றாம் உலகப்போர், அதுவும் கன்சோல் ஆர்டிஎஸ். குரலாலேயே கட்டளை கொடுத்துப் படை நடத்தலாம் என்பதுதான் அதன் பெருமை. அதற்கு மேல் யூஜென் சிஸ்டம்ஸின் ரூஸை 2010-இல் 360, பிஎஸ்3, கணினி மூன்றுக்கும் வெளியிட்டார்கள். கன்சோல் ஆர்டிஎஸ் என்றாலே யூபிசாஃப்ட் பயந்து ஓடியது என்று பதினாறுபிட் நினைப்பது சரியில்லை. அந்த நேரத்தில் அதில் அவர்கள் அளவுக்குப் பணம் போட்டவர்களே குறைவு. தங்கள் சொந்தக் கடைச் சரக்கு அலமாரியில் இருக்கும்போது அதன் பக்கத்திலேயே இன்னொன்றை வைக்க மனம் வரவில்லை என்பது என் கணிப்பு.


பதினாறுபிட் எழுதியது:

புரூட்டல் லெஜெண்டை இழுத்தது நல்லதாகப் போயிற்று, கணக்குப்பிள்ளை. அதற்கு உள்ளே இருந்ததும் ஆர்டிஎஸ்தான்! மேடைப் போர்கள் முழுக்கப் படை திரட்டி, ரசிகர்களை வளமாகச் சேர்த்து ஆடுவது. ஆனால் விளம்பரத்தில் கோடாரிச் சண்டையைக் காட்டினார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் நடுவில் வியூக ஆட்டம் வந்ததும் முகம் சுளித்தார்கள். கன்சோல்காரர்களுக்கு ஆர்டிஎஸ் என்று சொல்லி விற்கவே ஒரு தயக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. பேட்ச். பல பேர் சேர்ந்து ஆடும் வியூக விளையாட்டு வெளியான நாளோடு முடிவதில்லை. இந்த ஹெலிகாப்டருக்கு பலம் அதிகம், அந்த பீரங்கிக்கு எட்டும் தூரம் அதிகம் என்று மாதம்தோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கணினியில் திருத்தியதை அன்றே ஏற்றிவிடலாம். கன்சோலில் ஒவ்வொரு திருத்தமும் சான்றிதழ் சோதனைக்குப் போய் வரவேண்டும். பேட்ச் ஒன்றுக்கு 40,000 டாலர் ஆகிறது என்று புரூட்டல் லெஜெண்டைச் செய்த டிம் ஷேஃபரே 2012-இல் சொல்லியிருக்கிறார். நான்கு பிரிவுகளும் சமநிலையில் இருந்தால்தான் உயிர்வாழும் விளையாட்டு இது. கன்சோலில் முதல் பேட்ச்சோடு விட்டிருந்தால், ஒரு பிரிவை மட்டுமே எல்லோரும் எடுக்கும் நிலைக்கு வந்து காலியாகியிருக்கும்.


யாழ்தேவி எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பேட்ச் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன்.

நான் இன்றும் இந்த விளையாட்டை இணையத்தில் ஆடுகிறவள். கன்சோல் பதிப்பு வராமல் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். மாஸ்கேட் என்ற சேவை வழியாகத்தான் எல்லோரும் இணைந்து ஆடினோம். தரவரிசை, பதக்கம், குழு எல்லாம் அதற்குள். யூபிசாஃப்ட் ஒரு கட்டத்தில் அதை மூடியது. பொதுவாக விளையாட்டு அதோடு முடிந்துபோகும். ஆனால் இங்கே மாஸ்கேட்டின் மூல நிரலையே பொதுவில் வெளியிட்டார்கள். ரசிகர்கள் அதை எடுத்துத் தாங்களாகவே சர்வர் நடத்துகிறார்கள். 2017 டிசம்பரில் யூபிசாஃப்ட் கம்ப்ளீட் எடிஷனை ஒரு வாரத்துக்கு இலவசமாகக் கொடுத்தது, அப்போது புதிய ஆட்களும் சேர்ந்தார்கள்.

360 பதிப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எக்ஸ்பாக்ஸ் லைவ்வைத் தாண்டி நாங்களாக ஒரு சர்வர் வைக்க வழியே இல்லை. எட்டுக்கு எட்டு ஆட்டத்துக்கு 16 பேர் வேண்டும். கூட்டம் கொஞ்சம் குறைந்தாலே ஆட்டம் கூடாது. கணினியில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது என்றால் அது திறந்த மேடை என்பதால்தான். கன்சோலில் ஆட்கள் பாதியாகப் பிரிந்து போயிருந்தால், கணினிப் பக்கமும் மெலிந்திருக்கும். அந்த நாட்களில் இரண்டு தளத்தாரும் சேர்ந்து ஆடுவது வழக்கத்தில் இல்லை.


வியூகன் எழுதியது:

யாழ்தேவி, உங்கள் பதிவு என்னை நிறைய யோசிக்க வைத்தது. இணைய ஆட்டத்தைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மாஸ்கேட் நிரல் வெளிவந்தது ஒரு பெரிய கொடை, அது கன்சோலில் நடந்திருக்காது.

ஆனால் நான் இழந்ததாக நினைப்பது அதைவிடப் பெரியது. மாஸிவ் என்ற குழுவை. யூபிசாஃப்டுக்குப் போனபின் அவர்கள் செய்தவை எவை? ஃபார் க்ரை 3-இன் பலபேர் ஆட்டத்தில் பங்கு, பிறகு 2016-இல் தி டிவிஷன், 2023-இல் அவதார், 2024-இல் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ். எல்லாமே பெரிய வேலைகள், அவர்கள் உருவாக்கிய ஸ்னோட்ராப் எஞ்சின் அபாரமானது. ஆனால் சோவியத் அசால்டுக்குப் பிறகு ஒரு வியூக விளையாட்டுகூட இல்லை. கிரவுண்ட் கன்ட்ரோலில் தளத்தைத் தூக்கி எறிந்து, மூன்றாவது விளையாட்டில் அந்த எண்ணத்தைக் கனிய வைத்த குழு அதோடு அந்தத் துறையை விட்டே போய்விட்டது. கன்சோலில் ஒரு லட்சம் பேராவது புதிதாக வாங்கியிருந்தால், அடுத்த பாகம் கேட்க அவர்களிடம் ஒரு காரணம் இருந்திருக்கும்.

அந்த விளையாட்டின் சிறப்பே மற்றவர்களோடு சேர்ந்து ஆடுவதில் இருந்தது. உங்கள் தந்திர உதவிப் புள்ளிகளை அணியில் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அணுகுண்டுக்குப் புள்ளி போதவில்லை என்று ஒருவர் கேட்க, நால்வர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, அடுத்த நிமிடம் எதிரி பிடித்துவைத்த குன்று வெள்ளையாக மின்னும். முன்பின் தெரியாத ஆட்களை இப்படி ஓர் அணியாக மாற்றிய ஆர்டிஎஸ்ஸை நான் அதன்பின் பார்க்கவில்லை. இதை ஹெட்செட் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து ஆடும் கூட்டத்திடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். கணினி ஆட்டத்தில் பாதிப் பேர் மைக்கே வைத்திருக்கவில்லை. எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

பதினாறுபிட்டுக்கு ஒன்று. 2023 ஜனவரியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, ஆகஸ்டில் நான்காம் பாகம், நடுவே மே மாதம் கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கன்ட்ரோலருக்காக என்ன செய்தார்கள் தெரியுமா? எந்த வளத்துக்கு முன்னுரிமை என்று மட்டும் சொன்னால் போதும், கிராமத்தார் தாங்களே பிரிந்து வேலைக்குப் போவார்கள். வளம் சேர்க்கும் சுமையைக் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கன்ட்ரோலர் போதுமானதாகிவிட்டது. மாஸிவ் அந்தச் சுமையை 2007-லேயே எடுத்துவிட்டிருந்தது.


பதினாறுபிட் எழுதியது:

ஏஜ் 2 எக்ஸ்பாக்ஸில் நானும் ஆடினேன். நன்றாக இருக்கிறது, அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பதிப்புகளில் விசைப்பலகையும் மவுஸும் செருகிக்கூட ஆடலாம். 360-இல் அந்த வசதி கிடையாது. நினைவகம் இப்போது பல மடங்கு கூடிவிட்டது. இணையம் மாறிவிட்டது. இந்தியாவில் 2008-இல் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர், அதில் 16 பேர் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 15 ஆண்டு கழித்து ஒன்று நடந்தது என்பதால் அன்றைக்கும் நடந்திருக்கும் என்று நான் ஏற்க மாட்டேன்.

கன்ட்ரோலர் மட்டுமே காரணம் என்ற கதை தவறு என்பதை ஏற்கிறேன். ஆக்டிவிஷன்-விவெண்டி இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் 2008 கடைசியில் ஏதோ ஒரு வடிவில் வந்திருக்கும். நிரலி சொன்ன மாதிரி மரங்கள் குறைந்து, புகை மெலிந்து வந்திருக்கும். விமர்சகர்கள் பாராட்டியிருப்பார்கள், இரண்டு மாதத்தில் கால் ஆஃப் டியூட்டி கூட்டத்துக்கு நடுவே காணாமல் போயிருக்கும். இது என் கணிப்பு.


நிரலி எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. வரம்புகளுக்குள் அடக்கச் செய்யும் வேலையில் சில சமயம் மூல விளையாட்டே நன்றாகிவிடுவது உண்டு. கன்சோலுக்காக நினைவகத்தைச் சிக்கனப்படுத்தினால் கணினிப் பதிப்பும் சேர்ந்து வேகமாகும். மாஸிவ் பிறகு ஸ்னோட்ராப்பைக் கன்சோலை முன்னால் வைத்தே எழுதினார்கள். 360 பதிப்பு முடிந்திருந்தால் அந்தப் பாடத்தை ஒரு வியூக விளையாட்டின் வழியாகவே கற்றிருப்பார்கள். வியூகனின் வருத்தம் எனக்குப் புரிகிறது.


மருதமலை எழுதியது:

இவ்வளவு படித்தபின் ஆடாமல் இருக்க முடியவில்லை. எதை வாங்க வேண்டும்? முதலில் மூலக் கதையை முடித்துவிட்டு சோவியத் மிஷன்களுக்குப் போகவேண்டுமா? இணையத்தில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?


யாழ்தேவி எழுதியது:

தம்பி, கம்ப்ளீட் எடிஷன் ஒன்றே போதும், சோவியத் அசால்ட் அதற்குள்ளேயே இருக்கிறது. தனியாக ஆடத் தேவையில்லை. சோவியத் மிஷன்களை மூலக் கதைக்கு நடுநடுவே கோர்த்திருக்கிறார்கள், புதிதாகத் தொடங்கினால் வரிசையாகவே வரும். கணினி பலமாக இருக்க வேண்டும் என்றில்லை, இப்போதைய சாதாரண மடிக்கணினிகூடப் போதும்.

இணையத்துக்கு வருமுன் தனி ஆட்டத்தில் பாதியாவது முடித்துவிடுங்கள், கேமரா கைக்குப் பழகும். ரசிகர்களின் சர்வரில் இணையும் வழிமுறையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வார இறுதி இரவுகளில்தான் ஆட்கள் கூடுவார்கள். முதலில் கவசப் பிரிவை எடுங்கள். டாங்கி கொஞ்சம் அடி தாங்கும், தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பின்னால் ஒரு துணைப்பிரிவுக்காரர் பழுது பார்க்கும் வண்டியோடு நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டு முன்னேறுங்கள். வான்படையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், பதினாறுபிட் சொன்ன ஏவுகணைத் தொல்லை நிஜம்.